சிஸ்டர் கன்சிலியாவின் ஓட்டு

— முதல்ல அந்த ஊசியைக் கழட்டு, லியோனா.

— எந்த ஊசி?

— காலர்ல குத்தியிருக்கியே, தங்கக் கலர்ல குழந்தைப் பாதம், கருக்கலைப்பு கூடாதுங்கறவங்க சின்னம். தேர்தல் ஆபீஸ் அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அதையும் குத்திக்கிட்டு வரக் கூடாது. ஆறு ரூம் முடிச்சாச்சு, இப்பத்தான் என் கண்ணுல பட்டுது.

— இத பாரு எமெட், இது கன்னியர் மடம். இங்க ஒரு ஊசி யார் மனசை மாத்திடப் போகுது? இந்தக் கட்டடத்துல உன் கட்சிக்கு ஒரு ஓட்டும் தேறாது.

— தேத்தறதுக்கு நான் வரலை, தாயே. உன் கட்சியில ஒருத்தர், என் கட்சியில ஒருத்தர்னு ஜோடி போட்டு எதுக்கு அனுப்பறாங்க? நீ என்னைப் பார்த்துக்கணும், நான் உன்னைப் பார்த்துக்கணும். படுக்கையில இருக்கறவங்க சொல்றதைச் சீட்டுல குறிக்கணும், உறையில போட்டு ஒட்டணும், வாயைத் திறக்காம நடையைக் கட்டணும். சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கோம்.

— கழட்டிட்டேன். போதுமா?

— போதும். இந்த ரூம்லயும் நான் வாசிக்கறேன், நீ குறி. என் கை இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குது. நான் குறிச்சா வட்டத்தைத் தாண்டிப் போயிடும், ஓட்டு எண்ணற மெஷின் சீட்டைத் துப்பிடும்.

— மாத்திரை போட்டியா?

— போட்டேன். மாத்திரைக்கே நடுக்கம் வந்துடுச்சு போல.

— எமெட், ஒண்ணு கேக்கட்டுமா? மூணு ஞாயிறா நீ நற்கருணை வாங்க வரிசையில வரலை. காணிக்கைத் தட்டைக் கையில வச்சுக்கிட்டுப் பின்னாடியே நின்னுடறே.

— முட்டி வலி.

— முட்டி வலிக்காரன் அந்தத் தட்டைத் தூக்கிக்கிட்டு இருபது பெஞ்சு நடக்கறானா?

— ஏழாம் நம்பர் ரூம். சிஸ்டர் கன்சிலியா, வயசு தொண்ணூத்தியொண்ணு. ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டு கண்ணும் போயிடுச்சுன்னு எழுதியிருக்கு.

— அவங்களா? எனக்குத் தெரியுமே. நம்ம பங்குக் கோயில்ல கருவுயிர்க் காப்புக் குழு ஆரம்பிச்சப்போ ஜெபம் கேட்டு இங்க வந்தேன். முன்வரிசையில உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டினாங்க. அவங்க ஓட்டு எதுன்னு கேக்காமலே சொல்வேன்.

— அதான் கேக்கணும்னு சட்டம் சொல்லுது.

— வாசல்லயே நின்னு குசுகுசுக்கறது யாரு? உள்ள வாங்க. ஒருத்தர் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறீங்க, இன்னொருத்தர் டக்குடக்குன்னு பட்டாளம் மாதிரி.

— தேய்க்கறவன் நான், சிஸ்டர். எமெட் ப்ரேடி. பட்டாளம் இவங்க, லியோனா ஹுடாக்.

— வணக்கம், சிஸ்டர்.

— லியோனா. ஓ. குழந்தைங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி வந்தவதானே நீ? அந்தக் குரல் எனக்கு மறக்காது. உட்காரு பிள்ளை. தம்பி, நீயும் உட்காரு.

— அறுபத்தெட்டு வயசுல என்னைத் தம்பின்னு கூப்பிட நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, சிஸ்டர்.

— நாப்பது வருஷம் பிரசவ வார்டுல இருந்தவ நான். என் கண்ணுக்கு எல்லாரும் தொட்டில்ல கிடக்கறவங்கதான். இப்போ அந்தக் கண்ணும் இல்லை. சரி, எப்படிப் பண்ணணும், சொல்லு.

— நான் ஒவ்வொண்ணா வாசிப்பேன். நீங்க சொல்லுங்க. லியோனா குறிப்பாங்க. கடைசியில நான் திருப்பி வாசிச்சுக் காட்டுவேன். நாங்க ரெண்டு பேரும் உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது, ஏன் எதுக்குன்னு கேக்கவும் கூடாது.

— யோசனை சொல்லாத மனுஷங்களா? நல்லதாப் போச்சு. சாப்பாட்டுத் தட்டு வைக்கற பலகையை இழுத்து அதுல வை. தாள் நகராம நான் ஓரத்தைப் பிடிச்சுக்கறேன். ம், ஆரம்பி.

— முதல்ல பள்ளிக்கூடக் குழு. நாலு பேர் நிக்கறாங்க, ரெண்டு பேரைத் தேர்ந்தெடுக்கணும். வார்ட்மன், செஸ்னிக், பொலாட், ஈகன்.

— பொலாட் வேண்டாம். அவன் என் கையில பொறந்தவன், காலை முதல்ல நீட்டிக்கிட்டு வந்தான். அவங்க அம்மா முப்பது மணி நேரம் கத்தினா. இன்னைக்கு வரைக்கும் எதையும் நேர் வழியில செஞ்சிருக்க மாட்டான். செஸ்னிக், ஈகன்.

— குறிச்சுட்டேன், சிஸ்டர்.

— நூலகத்துக்கு இன்னும் அஞ்சு வருஷம் வரி கட்டணுமான்னு கேக்கறாங்க. ஆம், இல்லை.

— ஆம். எனக்குப் பேசற புஸ்தகம் அனுப்பறவங்க அவங்கதான். ம், அடுத்தது.

— அடுத்தது... அதான் சிஸ்டர். எல்லாரும் பேசறாங்களே, அது. சீட்டுல கடைசி. நீளமா இருக்கும், ஒரு வரி விடாம வாசிக்கறேன். கேளுங்க.

— வாசி.

— ...அவ்வளவுதான். சுருக்கமா, கருக்கலைப்புக்கு உரிமை உண்டுன்னு ஒஹையோ மாநில அரசியல் சட்டத்துலயே சேர்க்கறது. சேர்க்கணும்னா ஆம், கூடாதுன்னா இல்லை. மேல் வட்டம் ஆம், கீழ் வட்டம் இல்லை.

— ஆம்.

— நான் பக்கத்தைத் திருப்பிடவா, சிஸ்டர்? பின்னாடி எதுவும்...

— லியோனா, இன்னும் இதையே குறிக்கலையே நீ.

— இல்லை, சிஸ்டருக்கு சரியா காதுல விழுந்துச்சான்னு...

— எனக்குக் கண்ணுதான் போச்சு, பிள்ளை. ஆம்னு சொன்னேன்.

— சிஸ்டர், அதுக்கு அர்த்தம் என்னன்னா...

— லியோனா.

— ஒரு நிமிஷம், சிஸ்டர். எமெட், கொஞ்சம் வெளிய வா.

— சிஸ்டர், மன்னிக்கணும். இதோ வந்துடறோம்.

— போங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?

— கதவைச் சாத்து எமெட். சாத்து. கேட்டியா? அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டியா?

— கேட்டேன். ஒரே வார்த்தைதான்.

— புத்தி பிசகிடுச்சு அவங்களுக்கு. வயசாச்சு.

— பொலாட் எப்படிப் பொறந்தான்னு மணிக்கணக்கோட சொல்றாங்க. எனக்கு நேத்து ராத்திரிச் சாப்பாடே ஞாபகம் இல்லை.

— என்னால முடியாது. நீ குறி.

— இதைப் பாரு, என் கையை. ஸ்பூன்ல சூப் நிக்க மாட்டேங்குது. நான் குறிச்சா அந்தச் சீட்டு செல்லாது. ஆபீசுக்கு போன் பண்ணி வேற ஆள் கேக்கலாம், ஆனா நாமதான் இந்தப் பக்கம் கடைசி ஜோடி. அவங்க ஓட்டு போயிடும்.

— போகட்டுமே.

— நீ சொன்னது என் காதுல விழலை.

— என் கை, எமெட். அந்த வட்டத்துல மையை நிரப்பப் போறது என் கை. பிஷப் கடிதம் வாசிச்சாங்களே, நீயும் இருந்தியே. பாவத்துக்குக் கை குடுக்கறவங்களும் பங்காளின்னு.

— நீ வெறும் பேனா. பேனாவை யாராவது பாவமன்னிப்புக் கேக்க பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?

— சிரிக்காதே. நான் எங்க பொறந்தேன்னு உனக்குத் தெரியுமா? இதே சிஸ்டருங்க நடத்தின ஆஸ்பத்திரியில. எங்க அம்மாவுக்குப் பதினேழு வயசு, கல்யாணம் ஆகலை. என்னைப் பெத்து இவங்க கையில குடுத்துட்டுப் போயிட்டா. ஹுடாக் வீட்டுல வளர்ந்தேன். அன்னைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தா, சுலபமா ஒரு வழி இருந்திருந்தா, இப்போ உன் முன்னாடி நின்னு கத்தறதுக்கு நான் இருந்திருக்க மாட்டேன். எனக்கு இது அரசியல் இல்லை. எனக்கு இது என் உயிரு.

— தெரியாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒண்ணாப் படிச்சோம், இதை நீ சொன்னதே இல்லை.

— யார்கிட்டயும் சொன்னதில்லை.

— சரி. அப்போ நானும் சொல்றேன். முட்டி வலி இல்லை.

— தெரியும்.

— என் பொண்ணு மோரா. போன வருஷம், பதினெட்டாவது வாரம், தண்ணிக்குடம் உடைஞ்சுடுச்சு. குழந்தை பிழைக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டார். ஆனா அதுக்கு நெஞ்சு துடிக்குது, துடிப்பு இருந்தா கலைக்கக் கூடாதுன்னு சட்டம், அதனால தொட மாட்டோம், வக்கீலைக் கேக்கணும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலாவது நாள் காய்ச்சல்ல உடம்பு கொதிக்குது, என்னையே யாருன்னு கேக்கறா. நான்தான் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். பிழைச்சுட்டா. கர்ப்பப்பை போயிடுச்சு.

— எமெட். எனக்கு யாருமே சொல்லலையே.

— உன்கிட்டயா சொல்வாங்க? கோவிச்சுக்காதே. முன்கூட்டி ஓட்டுப் போடத் திறந்த முதல் நாளே நான் போட்டுட்டேன். எதுன்னு உனக்கே தெரியும். பாவம்னு நினைச்சுப் போடலை. மனசாட்சியைக் கேட்டுத்தான் போட்டேன். ஆனா அந்தக் கடிதத்தை வாசிச்ச பீடத்துக்கு முன்னாடி போய் நாக்கை நீட்டி நற்கருணை வாங்கவும் முடியலை. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— ஃபாதர்கிட்டப் பேசினியா?

— என்னன்னு பேச? செஞ்சதுக்கு வருத்தம் இல்லைன்னு சொன்னா அவர் எதை மன்னிப்பார்?

— நான் என்ன பண்ணட்டும், எமெட்?

— அதை என்கிட்டக் கேக்காதே. நான் இப்போ உனக்கு எதிர்க்கட்சி. ஒண்ணு மட்டும் சொல்வேன். முடியாதுன்னா முடியாதுன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்லிடு. அதுல தப்பில்லை.

— முடியும். வா. குறிச்சுத் தர்றேன்.

— நெசமாவா?

— கதவைத் திற.

— என்ன பிள்ளை, முடிஞ்சுதா மாநாடு? ரெண்டு பேரும் கதவுக்கு வெளிய நின்னு பேசறதுன்னா இங்க சாவு சமாச்சாரம்தான் வழக்கம். நான் இன்னும் இருக்கேன்.

— மன்னிச்சுக்கோங்க, சிஸ்டர். தாளைப் பிடிச்சுக்கறீங்களா? இதோ... ஆச்சு. குறிச்சுட்டேன். மடிச்சு உறையில போட்டுடவா?

— தம்பி, நீ திருப்பி வாசிச்சுக் காட்டறேன்னு சொன்னியே.

— ஆமா, சிஸ்டர். குடு லியோனா.

— எல்லாம் சரியாத்தான் இருக்கு, எமெட். நேரமாகுது.

— குடு.

— ம். வாசி தம்பி.

— பள்ளிக்கூடக் குழு, செஸ்னிக், ஈகன். நூலகம், ஆம். அப்புறம்...

— அப்புறம்?

— சிஸ்டர், பேனா கொஞ்சம் சறுக்கிடுச்சு போல. கடைசி வட்டம் சரியா விழலை. இந்தச் சீட்டு கெட்டுப் போச்சுன்னு எழுதி வச்சுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு, ஒருத்தருக்கு மூணு சீட்டு வரைக்கும் தரலாம்.

— நல்லவன் நீ. ஆனா பேனா சறுக்கலை.

— சிஸ்டர்...

— மேல் வட்டம் ஆம், கீழ் வட்டம் இல்லைன்னு நீதானே சொன்னே, தம்பி? சீட்டுல இது கடைசின்னும் சொன்னே. தாளோட அடி ஓரத்துல என் விரல் இருந்துச்சு. இந்தப் பிள்ளையோட கை அது வரைக்கும் இறங்கி வந்து என் விரல்ல இடிச்சுது. ஜில்லுன்னு இருந்துச்சு.

— சறுக்கலை, சிஸ்டர். எமெட் எனக்காகப் பொய் சொல்றான். நான்தான் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். இல்லைன்னு போட்டேன்.

— ஏன்?

— உங்க கையில எத்தனை குழந்தைங்க... அப்படிப்பட்ட நீங்க ஆம்னு சொன்னது எனக்குத் தாங்கலை. உங்க ஆத்துமாவைக் காப்பாத்தறேன்னு நினைச்சுட்டேன். என் கையையும் காப்பாத்தறேன்னு நினைச்சுட்டேன்.

— என் ஆத்துமாவுக்கு நீ எப்போ பொறுப்பு எடுத்துக்கிட்டே? கண்ணு போனதுல இருந்து பார்க்கறேன். என்னைக் கேக்காம ஜன்னலைச் சாத்தறாங்க. சூப்புல உப்பு போதும்னு அவங்களே சொல்லிக்கறாங்க. எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கணும்னு அவங்களே உருட்டி விடறாங்க. எல்லாம் என் நல்லதுக்குத்தான். எனக்குன்னு மிஞ்சினது இந்த ஒரு தாள், பிள்ளை. அதையும் என் நல்லதுக்குன்னு எடுத்துக்கிட்டே.

— திருடிட்டேன், சிஸ்டர். சேசுவே, நான் திருடிட்டேன். எமெட், ஆபீஸ்ல சொல்லு. சொல்லித்தான் ஆகணும்.

— சொல்லணும். அப்புறம் பார்ப்போம். இப்போ அழாதே, சீட்டு நனைஞ்சுடும்.

— தம்பி, அவளுக்குத் தண்ணி குடு. கூஜா ஜன்னல் பக்கம் இருக்கு. உன் கையால ஊத்தாதே, தாள் அதுல சலசலக்கறது எனக்குக் கேட்டுது, அவளே ஊத்திக்கட்டும். பிள்ளை, ஒண்ணு கேளு. என் வார்டுல ஒருத்தி, பேரு வேண்டாம். மூணு பிள்ளைக்காரி. நாலாவது வயித்துக்குள்ளயே செப்டிக் ஆகிடுச்சு. இன்னும் துடிப்பு இருக்கு, பொறுன்னு டாக்டர் சொன்னார். பொறுத்தோம். நானும் ஜெபமாலையோட பக்கத்துல உட்கார்ந்து பொறுத்தேன். விடியறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டாங்க. அவ புருஷன் கீழ வண்டியில மூணையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். போய்ச் சொன்னது நான்.

— சிஸ்டர், இவனோட பொண்ணுக்கும்...

— லியோனா, வேண்டாம்.

— அதே வார்டுல இன்னொருத்தி. எங்கேயோ போய் எவன்கிட்டயோ கலைச்சுக்கிட்டு வந்து, வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு எனக்கு போன் பண்ணுவா. எதுவும் பேச மாட்டா. மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்கும். நானும் வைக்க மாட்டேன். ரெண்டு பேரும் எனக்குள்ளதான் இருக்காங்க, பிள்ளை. இந்தக் கேள்வி சுலபம்னு சொல்றவங்க யாரு வந்தாலும் எனக்கு எரிச்சலா இருக்கு. நீ வந்து ஜெபம் கேட்டப்பவும் இருந்துச்சு.

— தலையை ஆட்டினீங்களே.

— அது என் கழுத்து. தானா ஆடும். சரி, இப்போ சொல்லு. அடுத்த சீட்டை நீ குறிப்பியா, மாட்டியா? மாட்டேன்னா எழுந்து போ, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். குறிப்பேன்னு சொன்னா, நான் சொன்னதைக் குறிக்கணும்.

— குறிக்கறேன்.

— நல்லா யோசி.

— யோசிக்க ஒண்ணுமில்லை, சிஸ்டர். ஒரு தப்பு பண்ணி இன்னொரு தப்பைத் தடுக்கலாம்னு பார்த்தேன். இப்போ என் கையில ஒரு தப்பு உறுதியா இருக்கு. எமெட், சீட்டை எடு.

— இதோ, ரெண்டாவது. பழையதுல கெட்டதுன்னு எழுதியாச்சு. சிஸ்டர், செஸ்னிக், ஈகன், நூலகம் ஆம், மாத்தம் இல்லையே?

— இல்லை.

— கடைசிக் கேள்வி?

— ஆம்னு போடு, பிள்ளை.

— போடறேன். மேல் வட்டம். நிரப்பிட்டேன், சிஸ்டர். ஓரம் வெளிய போகாம நிரப்பிட்டேன். எனக்கு மனசு ஒப்பலை, ஆனா நிரப்பிட்டேன்.

— தம்பி, வாசி.

— செஸ்னிக், ஈகன். நூலகம், ஆம். கடைசி, ஆம். மேல் வட்டம்தான், சிஸ்டர். நான் சாட்சி.

— உன் கையைக் குடு, பிள்ளை. இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. தம்பி, மூணு சீட்டு வரைக்கும் தரலாம்னு சொன்னே இல்ல?

— ஆமா. இன்னும் ஒண்ணு இருக்கு. ஏன், சிஸ்டர்?

— இதுலயும் கெட்டதுன்னு எழுது.

— ஏன், இதுல என்ன தப்பு? அழகா விழுந்திருக்கே.

— அழகாத்தான் விழுந்திருக்கும். இவ உள்ள நுழைஞ்சு, நீ இவ பேரைச் சொன்னதுமே எனக்கு யோசனை. கண்ணு இருந்தப்போ நானே குறிச்சேன். இனிமே யார் கையோ குறிக்கும். அந்தக் கை நான் சொல்றதைக் கேக்குமா, அதுக்குத் தெரிஞ்சதைக் குறிக்குமா? அதுக்குப் பிடிக்காததைச் சொல்லிப் பார்த்தாத்தானே தெரியும்.

— அப்போ நீங்க பொய் சொன்னீங்களா, சிஸ்டர்?

— ஆம்னு குறிக்கச் சொன்னேன். என் மனசுல ஆம்னு இருக்குன்னு சொல்லலையே. இதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன், சனிக்கிழமை ஃபாதர் வருவார். ம், மூணாவது சீட்டு. செஸ்னிக், ஈகன், நூலகம் ஆம். கடைசிக் கேள்விக்கு, இல்லை.

— சிஸ்டர், இப்பத்தானே அந்த மூணு பிள்ளைக்காரியைப் பத்திச் சொன்னீங்க. கொஞ்சம் நிதானமா யோசிச்சு...

— எமெட். கேக்கக் கூடாது.

— ...சரி. குறி, லியோனா.

— குறிச்சுட்டேன். வாசி, எமெட்.

— செஸ்னிக், ஈகன். நூலகம், ஆம். கடைசி, இல்லை.

— ரொம்ப நாள் புரண்டு புரண்டு படுத்து எடுத்த முடிவு, தம்பி. சரியான்னு எனக்கு இன்னும் தெரியாது. உறையில போட்டு ஒட்டிடு.

— சிஸ்டர், அப்போ முதல் சீட்டுல நான் போட்டதும் இதேதானே?

— இல்லை பிள்ளை, அது உன் ஓட்டு. இதுதான் என்னோடது.